திருவொற்றியூரிலிருந்து தரமணி: தாராளமாகச் சேருங்கள்

அக்கா, பையனுக்குத் தரமணி மத்திய பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கிடைத்தும், தூரத்துக்குப் பயந்து பக்கத்தில் தனியாரில் பணம் கட்டலாமா என்கிறீர்கள். வேண்டாம். 1916-ல் தொழிற்பள்ளியாக அது தொடங்கியதே நம்ம பிராட்வேயில்தான். தரமணிக்குப் போனது பிற்பாடு. கடற்கரை வரை மின்சார ரயில், அங்கே பறக்கும் ரயில் மாறினால் சரி. சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப் நாளில்தான் அலுப்பு. இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி ராவணும். படம் வரையும் கருவியான டிராஃப்டரோடு ரயில் கூட்டத்தில் ஏறுவதும் தொல்லைதான், பழகிவிடும்.

மூன்று வருட டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். அப்புறம், அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.