ஏற்காட்டுப் புல்வெளியை உழ வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு 40 சென்ட் புல்வெளி இருக்கிறது. அதை உழுது, செம்மண் கொட்டி, பூவிதை தூவி, பட்டாம்பூச்சித் தோட்டம் அமைத்துத் தருவதாக ஒருவர் விலை பேசுகிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: உழ வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். நீங்கள் வரவழைக்க விரும்பும் பூச்சிகளில் பல அந்த நிலத்திலேயே குடியிருக்கின்றன. அந்தியில் தாழப் பறக்கும் பழுப்புநிறப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் புல்லைத் தின்றே வளர்கின்றன. கிலுகிலுப்பைச் செடியின் வாடிய தண்டிலும் காயிலும் உள்ள ஆல்கலாய்டு என்னும் காரச்சாற்றைத் தேடி, வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் ஆண்கள் வருகின்றன. கத்தரி, தக்காளிப் பூக்களை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீ, வெறும் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. கலப்பை இறங்கினால் அந்த வளைகள் அழிந்துபோகும்.

இத்தகைய தரகர்கள் 'காட்டுப்பூ விதை' என்று விற்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் காஸ்மோஸ், ஜினியா, செண்டுமல்லி விதைகளே இருக்கும். மூன்றுமே மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்தவை. தேனுக்காகப் பூச்சிகள் அவற்றில் அமரும் என்பது உண்மைதான், ஆனால் நம் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அவை பெரும்பாலும் உணவாவதில்லை. கொட்டப்படும் செம்மண்ணோடு பார்த்தீனியம் என்னும் களையின் விதையும் வந்து சேரக்கூடும். விதைகளின் பெயரை எழுதித் தர மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வருவாய்க் கணக்கில் புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதி, அதில் மரம் நடுவதையே சேவையாகக் கருதும் வழக்கம் மாறாதவரை இவர்களுக்குத் தொழில் குறையாது. இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் கேட்பார் இல்லை.

அயல்நாட்டுக் களையான உண்ணிச்செடி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வேறு பூவே இல்லாத நிலமானால், பாதிப் புதர்களை இவ்வாண்டும், மீதியைத் தும்பையும் கொழிஞ்சியும் பூக்கத் தொடங்கிய பிறகும் அகற்றலாம். ஆயினும் விட்டுவைத்த புதரில் காய் பழுக்கும் முன்பே கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும், ஏனெனில் பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவிகள் விதையை மலையெங்கும் பரப்பிவிடும். ஒரு கொத்தாவது கறுத்துவிட்டால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது; புதர் முழுவதையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

மற்றபடி, புல் விதை உதிர்த்த பின், ஜனவரி வாக்கில், மூன்றில் ஒரு பகுதியை மட்டும் அரிவாளால் ஒரு சாண் உயரம் விட்டு அறுத்து மாட்டுக்குக் கொடுங்கள். அறுக்காத பகுதியில் கூட்டுப்புழுக்கள் தங்கியிருக்கும். அடுத்த ஆண்டு வேறு பகுதியை அறுக்கலாம்.