தேயிலை மலையில் யூரியா போட்டால் அமோனியா வாடை ஏன்? யூரியேஸ் நொதியத்தின் பளிங்குக் கட்டமைப்பு (பளிங்காக்கி எக்ஸ்-கதிரால் கண்ட அணு அமைப்பு) இதை விளக்குமா?

விளக்கும். யூரியா தானாக நீரில் உடையப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். மண் பற்றீரியாக்களின் யூரியேஸ் நொதியம் சில நாட்களில் உடைத்துவிடும்.

கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் பற்றீரியாவின் யூரியேஸ் கட்டமைப்பு 1995இல் வெளியானது. உள்ளே ஒரு சிறு குழி. அதன் அடியில் ஏறத்தாழ 3.5 ஆங்ஸ்ட்ரோம் (ஓர் ஆங்ஸ்ட்ரோம் மீற்றரின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு நிக்கல் அயன்கள். இரண்டையும் இணைத்துப் பிடிப்பது நொதியச் சங்கிலியின் 217ஆம் இடத்து அமினோ அமிலமான லைசின். அதுவும் வெறும் லைசின் அல்ல, காபனீரொட்சைட்டு ஒட்டிய லைசின். அதை அலனின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றினால் நிக்கல் உட்காராது, வேலையும் நின்றுபோகும். நிக்கல் யூரியாவின் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ள, நிக்கலோடு ஒட்டிய ஐதரொட்சைட்டு நடுக் காபனைத் தாக்குகிறது. (எந்த ஐதரொட்சைட்டு என்பதில் வாதம் ஓயவில்லை.)

குழியின் வாயில் அசையும் மூடி ஒன்று உண்டு. திறந்தால் யூரியா நுழையும். மூடினால் 320ஆம் இடத்து அமினோ அமிலமான ஹிஸ்டிடின் தாக்கத்துக்கு ஏற்ற இடத்துக்கு வரும். பளிங்கில் மூடி ஏதோ ஒரு நிலையில் உறைந்துதான் தெரியும். ஒரே படத்தை வைத்துத் தொழிற்பாட்டைச் சொல்லப்போய்த்தான் பலர் சறுக்குகிறார்கள்.

யூரியா உடையும்போது முதலில் ஓர் அமோனியாவும் கார்பமேற்று என்ற இடைப்பொருளும் வரும். கார்பமேற்று உடைந்து இரண்டாவது அமோனியாவைத் தரும். அமோனியா காரம் என்பதால் அமிலத் தேயிலை மண்ணிலும் உரமணியைச் சுற்றி பீஎச் ஏறி, மேற்பரப்பில் கிடக்கும் நைதரசன் அமோனியா வாயுவாகக் காற்றோடு போகும். நுவரெலியாவோ பதுளையோ, காய்ந்த மண்ணில் தூவாதீர்கள்; மண் அமிலத்தைக் குறைக்கும் டொலமைற்றோடு சேர்த்தும் போடாதீர்கள். யூரியாவோடு கலக்கும் என்பிபிடி (NBPT) போன்ற யூரியேஸ் தடுப்பான்கள் மண்ணில் உருமாறி, அந்த இரு நிக்கலையும்தான் அடைத்துக்கொள்கின்றன.