விரதத்தில் கை நடுங்குவது பற்றி

மார்த்தாண்டம் அண்ணாச்சி, ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் பகல் 12 வரை எடை குறைக்க விரதம், 11 மணிவாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது என்கிறீர்கள். பழகினால் சரியாகிற விஷயமில்லை இது. ரத்தத்தில் சர்க்கரை தாழ்கிறது என்றே தோன்றுகிறது. காலையில் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு.

நடுக்கம் வந்ததும் சர்க்கரை மீட்டரில் பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழே இருந்தாலும் சரி, மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் சரி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டாக்டர் மருந்தளவை மாற்றித் தரும்வரை விரதம் வேண்டாம், தயவுசெய்து. மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், விரதம் முடித்ததும் தட்டு நிறைய மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மயக்கியது என்றால் சர்க்கரையும் ஏறும், எடையும் இறங்காது. மீன்கறியையும் தோரனையும் (தேங்காய் போட்ட காய்கறிப் பொரியல்) கூட்டி, மரச்சீனியை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.