ஒரு படகு வைத்தால் ஐந்து படகு!

கேள்வி: கொட்டியாரக் குடாவில் குண்டு போட்டுப் படகு தேடும் 5×5 கட்ட விளையாட்டைப் பைதன் என்ற கணினி மொழியில் எழுதினேன். ஒரு கட்டத்தில் படகை வைத்தால் அந்த நிரல் (மேலிருந்து கீழ்) முழுக்கப் படகாகிறது. ஏன்?
– வாசகி, திருகோணமலை

பதில்: கட்டத்தை [['.'] * 5] * 5 என்று உருவாக்கியிருப்பீர்கள். வெளியே உள்ள * 5 ஐந்து தனி நிரைகளை (இடமிருந்து வலம்) தராது. ஒரே நிரையைத்தான் ஐந்து தடவை சுட்டும். உள்ளே உள்ள * 5 தொல்லை தராது. சந்தேகமென்றால் இரண்டு நிரைகளை 'இஸ்' (is, இரண்டும் ஒன்றேதானா) போட்டு ஒப்பிடுங்கள், 'ட்ரூ' (True, ஆம்) வரும்.

வெறும் பட்டியலில் தொடங்கி, 'ஃபார்' (for) சுற்றை 5 தடவை ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் ['.'] * 5 என்ற புது நிரையை 'அப்பென்ட்' (append) செய்து பட்டியலில் சேருங்கள். சுற்றுக்கு வெளியே நிரையைச் செய்தால் பழைய கதைதான்.

அடுத்தது இதைவிடக் கள்ளத்தனமானது: பைதன் 0 இலிருந்து எண்ணுவதால், ஆடுபவர் தரும் நிரை எண்ணில் 1 கழிக்கிறீர்கள் அல்லவா? அவர் 0 தட்டினால் -1 ஆகி, பைதனில் அது கடைசியைக் குறிப்பதால் பிழைச்செய்தி இல்லாமலே கடைசி நிரையில் குண்டு விழும். கழிக்குமுன் 1 முதல் 5 வரைதானா என்று பாருங்கள்.