கேள்வி பதில்: சென்னைக் குடிநீருக்குச் செலவாகும் பணம்

குடிநீர்க் குழாய்ப் பணியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மயிலாப்பூர் வாசகி: தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிடம் சாக்கடை நாற்றம், அப்புறம் சரியாகிவிடுகிறது. இதற்காகவா தெருவையே தோண்டுகிறார்கள்?

ஆமாம் அம்மா, இதற்குத்தான். பழைய பகுதிகளில் வார்ப்பிரும்புக் குழாய்கள் பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் இணைப்புகளில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றி அடைப்பார்கள். மேலே பஸ்ஸும் லாரியும் ஓட ஓட அந்த ஈயம் விட்டுக்கொடுத்துவிடும். உள்ளே துரு கட்டிகட்டியாகப் படிந்து குழாயின் வாய் சுருங்கியிருக்கும். சப்ளையை நிறுத்தியதும் குழாய் காலியாகும். பக்கத்தில் பாதாளச் சாக்கடை கசிந்து மண் ஊறியிருந்தால், கழிவு ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிடும். அடுத்த முறை தண்ணீர் விட்டதும் உங்கள் குடத்தில் முதலில் விழுவது அதுதான். லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். தெருவில் ஓடும் பெரிய குழாயான மெயினை மட்டும் மாற்றிவிட்டு, அரித்துப்போன வீட்டு இணைப்பை அதிலேயே மாட்டினால் செலவு செய்தும் நாற்றம் போகாது.

வேளச்சேரி வாசகர்: பேரூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு 4,276 கோடி ரூபாய். ஏரிகளைத் தூர் வாரினால் போதாதா?

தூர் வாரத்தான் வேண்டும். ஆனால் மழையே பொய்த்தால் ஏரி என்ன செய்யும்? 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தோம். அப்படிப்பட்ட வருடத்துக்குக் கடல்நீர்தான் கைகொடுக்கும். பேரூர் ஆலை நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரும் திட்டம். 2024-இல் திறந்த நெம்மேலி இரண்டாவது ஆலை 15 கோடி லிட்டருக்கு, செலவு சுமார் 1,516 கோடி. கணக்குப் போட்டால் தினம் 10 லட்சம் லிட்டருக்கு 10 கோடிக்கு மேல் முதலீடு. இதோடு 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேறு.

இவ்வளவு செலவழித்த தண்ணீரை ஓட்டைக் குழாயில் விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆலைக்குத் திறப்பு விழா உண்டு, புதைத்த குழாய்க்கு இல்லை. அதனால் குழாய் வேலை எப்போதும் பின்னுக்குப் போகிறது. கசிவைத் தடுத்து மிச்சமாகும் தண்ணீர் பெரும்பாலும் ஆலைத் தண்ணீரை விட மலிவு.

பெரம்பூர் வாசகர்: பேரூர் ஆலைக்கு ஜப்பான் பணம் என்கிறார்களே, இலவசமா?

இல்லை, ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா தருவது கடன். வட்டி குறைவு, தவணை நீளம். திருப்பிக் கட்டுவது நம் வரிப்பணம்தான்.

அம்பத்தூர் வாசகி: எங்கள் தெருவில் அடுத்த மாதம் குழாய் மாற்றுகிறார்களாம். பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையில் என்ன கேட்கட்டும்?

மூன்றே கேள்வி. எஸ்டிமேட்டில் வீட்டு இணைப்பு மாற்றுவதும் சேர்ந்திருக்கிறதா? பழைய லைனை முழுதாகத் துண்டித்து மூடுவார்களா? பள்ளத்தை மூடும் முன் அழுத்தச் சோதனை உண்டா? சோதனை நடக்கும் நாளில் இரண்டு பேராவது பக்கத்தில் போய் நில்லுங்கள். அழுத்த மானியில் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், மண் போட விடாதீர்கள்.