நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து 3 வருடமாகிறது. அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கான உடற்பயிற்சிக் குழுவில் சேரச் சொல்கிறார் மருத்துவர். மாடி ஏறினாலே கால் ஓய்ந்துபோகிறது. சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாகச் சேருங்கள் அம்மா. இப்படி ஒரு குழுவுக்கு நான் பயிற்சி தருகிறேன். முதல் நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்ற ஒருவர் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னேன். ஐந்தாவது தடவையே தொடை நடுங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பதினைந்து தடவை எழுந்தார், கையை ஊன்றாமல்!

இந்தத் தொற்றாலும் சில மருந்துகளாலும் தசையும் எலும்பும் பலம் குறையலாம், ரத்தத்தில் கொழுப்பு ஏறலாம். அதனால் நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் வாரம் 150 நிமிடமாவது மிதமான பயிற்சியும், 2 நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. நீங்கள் 10 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். காய்ச்சல், தலைசுற்றல் இருந்தால் அன்று வேண்டாம். நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வியர்வையாலோ, ஒரே டம்பெல்லைத் தூக்குவதாலோ எச்.ஐ.வி. யாருக்கும் பரவாது. குழுவில் பேசுவது வெளியே போகாது என்ற உறுதியை மட்டும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.