முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன சுவை?

கேள்வி: அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கு முன் ஒலிபரப்பான பேஸ்பால் வர்ணனைகளை இன்றும் சிலர் தேடிப்பிடித்துக் கேட்கிறார்களாமே! வென்றது யார் என்று தெரிந்த பிறகு அதில் என்ன சுவை?

பதில்: முடிவு நமக்குத் தெரியும், பேசுகிறவருக்குத் தெரியாதே! 1965 செப்டம்பர் 9 இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கோஃபாக்ஸ், சிகாகோ கப்ஸ் ஆட்டக்காரர் ஒருவரைக்கூட முதல் பேஸை (ஓடிச் சேர வேண்டிய முதல் நிலையை) எட்டவிடாமல் பந்து வீசி முடித்தார். கடைசி இன்னிங்ஸை வின் ஸ்கல்லி வர்ணித்த பதிவில், கோஃபாக்ஸ் தொப்பியைத் தூக்கித் தலைமுடியைக் கோதிக்கொள்வதும் இடைவாரை இழுத்துவிட்டுக்கொள்வதும்கூடச் சொல்லப்படுகின்றன. பேஸ்பாலில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே வெறும் காத்திருப்புதான்; அதை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில்தான் வர்ணனையாளரின் திறமை தெரியும். மணி 9.46 என்று நேரத்தையும் சொல்லி வைத்த ஸ்கல்லி, ஆட்டம் முடிந்ததும் பேசாமல் ஒதுங்கி, கூட்டத்தின் ஆரவாரத்தையே நெடுநேரம் கேட்கவிட்டார். சிறுவனாக இருந்தபோது வானொலிப் பெட்டியின் அடியில் படுத்துக்கொண்டு அத்தகைய ஆரவாரத்தில் மயங்கியவர் அவர்.

என்னை இன்னும் ஆழமாகத் தொடுவது 1939 செப்டம்பர் 21 அன்று வாஷிங்டனின் டபிள்யூஜேஎஸ்வி வானொலி நிலையம் தன் ஒருநாள் நிகழ்ச்சிகள் முழுவதையும் பதிந்துவைத்ததுதான். ஐரோப்பாவில் போர் மூண்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்றைய பதிவில் அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையும் இருக்கிறது, வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி கிளீவ்லாந்து இந்தியன்ஸ் அணியோடு ஆடிய ஆட்டமும் இருக்கிறது. வரப்போவது என்னவென்று நாம் அறிவோம். அங்கே உட்கார்ந்து கைதட்டும் ஒருவரும் அறியார்.

இப்படிப் பாதுகாக்கப்பட்டவை மிகச் சில. 1951 அக்டோபர் 3 அன்று பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னால் (பந்தை மைதான எல்லைக்கு அப்பால் அடிப்பது) நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை வீழ்த்தியபோது வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ் எழுப்பிய கூக்குரல் நமக்குக் கிடைத்தது புரூக்ளினில் வாழ்ந்த ஜயன்ட்ஸ் ரசிகர் ஒருவரால். வேலைக்குப் புறப்படும்போது, ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தைப் பதிவு செய்துவைக்கும்படி அவர் தம் தாயாரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வென்றதும் அவருடைய அணிதான்.

கேள்வி: அக்கால வர்ணனைகள் எல்லாமே மைதானத்தில் நேரில் பார்த்துச் சொன்னவையா?

பதில்: இல்லை. தந்தியில் வரும் சுருக்கக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைக் கண்ணால் காண்பதுபோல நிலையத்திலிருந்தே வர்ணிப்பதும் அப்போது வழக்கம். பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன், 1930களில் டி மாய்ன் நகரின் டபிள்யூஎச்ஓ நிலையத்தில் கப்ஸ் ஆட்டங்களை அப்படித்தான் வர்ணித்தார். ஒருமுறை தந்தி நின்றுபோகவே, மட்டை பிடித்தவர் பந்துக்குப் பந்து ஃபவுலாகவே (ஆடுகளக் கோட்டுக்கு வெளியே) அடித்துக்கொண்டிருப்பதாகப் பல நிமிடங்கள் சமாளித்தாராம். தந்தி திரும்ப வந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஆட்டக்காரர் முதல் பந்திலேயே கேட்ச் கொடுத்து ஆட்டமிழந்திருந்தார் என்று. இதை ரீகனே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.